அக்டோபர் 1962-க்கு மூன்று பெயர்கள்

(பணியிடைப் பயிற்சி முகாமில் தொடக்க, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'பன்னாட்டு மோதல்களைப் பிற நாடுகளின் பார்வையில் அணுகுதல்'. தலைப்பு பெரியது, நேரம் சிறியது. உலகத்துச் சண்டைகளையெல்லாம் ஒரு மணி நேரத்தில் அள்ளிக் கொட்டினால் உங்களுக்கும் பயன் இல்லை, எனக்கும் மூச்சு வாங்கும். அதனால் ஒரே ஒரு மோதலை எடுத்துக்கொள்கிறேன். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் பனிப்போர் நடத்துகிறவர்களுக்குப் பழக்கமான ஒன்றுதான், கியூபா ஏவுகணை நெருக்கடி. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் எழுந்து போய்விட வேண்டாம், உங்களிடம் பிறகு வருகிறேன்.

முதலில் பெயரைப் பாருங்கள். 'கியூபா ஏவுகணை நெருக்கடி' என்று நாம் சொல்கிறோமே, அது அமெரிக்கர்கள் வைத்த பெயர். ரஷ்யர்கள் அதே நிகழ்ச்சியை 'கரீபிய நெருக்கடி' என்பார்கள். கியூபா மக்கள் 'அக்டோபர் நெருக்கடி' என்கிறார்கள். மூன்றும் 1962 அக்டோபரில் நடந்த அதே நிகழ்ச்சியைத்தான் குறிக்கின்றன. ஆனால் ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு திசையில் விரல் நீட்டுகிறது. கியூபாவில் இருந்த ஏவுகணைதான் சிக்கல் என்கிறது முதல் பெயர். அந்தக் கடற்பகுதி முழுவதிலும் நிலவிய பதற்றம்தான் சிக்கல் என்கிறது இரண்டாவது பெயர். மூன்றாவது பெயர்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கியூபாக்காரருக்கு அது வருடத்தில் ஒரு மாதத்து நெருக்கடி, அவ்வளவுதான். அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் ஒன்று வந்தது, அடுத்து எப்போது வருமோ என்று காத்திருந்தவர்கள் அவர்கள்.

நம் பாடநூல் ஒரு பெயரைத்தான் கொடுக்க முடியும், அதில் தவறில்லை. பாடம் தொடங்கும்போது மூன்று பெயர்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, "ஏன் மூன்று பெயர்?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

இப்போது அமெரிக்கப் பக்கம் நின்று பார்ப்போம். 1962 அக்டோபர் 14 அன்று யூ-2 என்ற உளவு விமானம் கியூபாவின் மேல் பறந்து படங்கள் எடுத்தது. 16-ஆம் தேதி காலையில் குடியரசுத் தலைவர் கென்னடியிடம் செய்தி போகிறது, நடுத்தர தூர அணு ஏவுகணைகளுக்கான தளங்கள் அங்கே கட்டப்படுகின்றன என்று. ஃபுளோரிடாவின் முனையிலிருந்து கியூபா ஏறத்தாழ 145 கிலோமீட்டர்தான். 18-ஆம் தேதி சோவியத் வெளியுறவு அமைச்சர் குரோமிகோ வெள்ளை மாளிகைக்கே வந்து, தாங்கள் கியூபாவுக்குக் கொடுப்பது தற்காப்பு உதவி மட்டுமே என்கிறார். கென்னடியின் மேசையில் படங்கள் இருக்கின்றன, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிறார். நவம்பர் 6 அன்று நாடாளுமன்றத் தேர்தல் வேறு வருகிறது. ஓர் அமெரிக்கக் குடிமகனாக நின்று பார்த்தால் கோபம் வருவது இயல்பு. இந்தக் கோபத்தை மாணவர்கள் முழுதாக உணர வேண்டும். 'பிற நாட்டுப் பார்வை' என்று சொன்னவுடனே அமெரிக்காவைத் திட்டத் தொடங்குவது நம் மேடைகளில் ஒரு வழக்கமாகிவிட்டது. அதுவும் ஒற்றைப் பார்வைதான்.

அந்த 16-ஆம் தேதிக் கூட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வெள்ளை மாளிகையில் அந்த உரையாடல்கள் ரகசியமாக ஒலிநாடாவில் பதிவாயின, பின்னாளில் வெளியிடவும்பட்டன. குருச்சேவ் ஏன் இப்படிச் செய்தார் என்று கென்னடிக்குப் புரியவில்லை. இது நாம் துருக்கியில் போய் ஏவுகணைகளை வைப்பதைப் போல அல்லவா இருக்கிறது, எவ்வளவு ஆபத்தான காரியம் என்கிறார். பாதுகாப்பு ஆலோசகர் பண்டி மெதுவாகச் சொல்கிறார்: வைத்திருக்கிறோமே, குடியரசுத் தலைவர் அவர்களே.

ஆமாம், வைத்திருந்தார்கள். துருக்கியில் இஸ்மீர் நகரை அடுத்து 15 ஜூப்பிட்டர் ஏவுகணைகள், இத்தாலியில் 30. துருக்கி சோவியத் ஒன்றியத்தின் எல்லை நாடு. கென்னடி அறிவில் குறைந்தவர் அல்லர், வரலாறு படித்தவர். அவர் ஆட்சியில்தான் அந்த ஏவுகணைகள் துருக்கியில் நிறுத்தப்பட்டன. ஆனாலும் தன் கையில் இருக்கும் ஏவுகணை அந்த நேரத்தில் அவர் கண்ணில் படவில்லை. நம் ஆயுதம் நமக்கு எப்போதும் பாதுகாப்பாகவே தெரியும், எதிராளியின் ஆயுதம்தான் ஆயுதமாகத் தெரியும். இதை விளக்க இந்த ஒரு நிமிட உரையாடலைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இதை வகுப்பில் காட்ட ஒரு நூல்கண்டும் ஓர் உலக உருண்டையும் போதும். ஹவானாவிலிருந்து வாஷிங்டனுக்கு ஒரு நூலை இழுத்து வெட்டுங்கள், ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். இஸ்மீரிலிருந்து மாஸ்கோவுக்கு இன்னொரு நூல், ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர். இரண்டையும் மாணவர் கையில் கொடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். உலக உருண்டை இல்லாத பள்ளி என்றால் வரைபடத்திலும் செய்யலாம், ஆனால் தட்டையான படத்தில் தூரம் கொஞ்சம் ஏமாற்றும்.

அடுத்து மாஸ்கோ. 1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி படையெடுத்து வந்த நாடு அது. அந்தப் போரில் 2 கோடிக்கும் அதிகமானோர் இறந்தார்கள். 1962-இல் நாற்பது வயதைக் கடந்த எந்த ரஷ்யரும் அந்தப் போரை மறந்திருக்க முடியாது. எல்லையை ஒட்டி எதிரியின் ஆயுதம் இருந்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கு ஏட்டுப் படிப்பு அல்ல. இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவைச் சென்றடையக்கூடிய நெடுந்தூர ஏவுகணைகள் அன்று சோவியத்திடம் மிகக் குறைவு. அமெரிக்காவிடம் பல மடங்கு இருந்தன. கியூபாவில் நடுத்தர தூர ஏவுகணைகளை வைத்தால் அந்த இடைவெளி குறையும். தங்களைச் சுற்றி ஏவுகணை வைத்தவர்கள் அந்த அச்சம் எப்படி இருக்கும் என்று தாங்களும் கொஞ்சம் அறியட்டும் என்று நினைத்ததாகக் குருச்சேவ் தம் நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார். கியூபாவைக் காப்பாற்றவே செய்தோம் என்றும் சொல்கிறார். இரண்டில் எது பெரிய காரணம் என்பதில் வரலாற்று அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. என் கருத்தில் இரண்டும் கலந்தே இருந்தன. கலந்திருந்ததால்தான் பின்னால் காஸ்ட்ரோவுக்கு அவ்வளவு கோபம் வந்தது.

சரி, ஹவானாவுக்குப் போவோம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பாடநூல்களில் இந்த இடம்தான் சுருங்கிப்போகிறது. இரண்டு பெரிய நாடுகள் மோதின, கியூபா என்பது அவர்கள் மோதிக்கொண்ட மைதானம் என்பது போலவே பாடம் போகும். அந்த மைதானத்தில் 70 லட்சம் பேர் வாழ்ந்தார்கள்.

கியூபாவின் கணக்கு 1962-இல் தொடங்கவில்லை. ஸ்பெயினிடமிருந்து விடுபட்டபோதே, தேவைப்பட்டால் தலையிடும் உரிமை தனக்கு உண்டு என்ற விதியை 1901-இல் அமெரிக்கா அவர்களுடைய அரசமைப்பில் சேர்க்கவைத்தது. குவாந்தனாமோவில் 1903 முதல் அமெரிக்கக் கடற்படைத் தளம் இருக்கிறது. 1959 ஜனவரியில் புரட்சி வென்றது. 1960-இல் கியூபாவின் சர்க்கரையை வாங்குவதை அமெரிக்கா வெட்டியது. சர்க்கரையை நம்பி வாழும் நாட்டுக்கு அது என்ன அடி என்பது கரும்பு விளையும் பகுதிகளில் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1961 ஏப்ரல் 17 அன்று, அமெரிக்க உளவு அமைப்பு பயிற்சி கொடுத்த ஏறத்தாழ 1,400 கியூப அகதிகள் தென்கரையில் வந்து இறங்கினார்கள். மூன்றே நாளில் தோற்றார்கள், 1,100-க்கும் மேற்பட்டோர் பிடிபட்டார்கள். உலகம் அதைப் பன்றிகள் விரிகுடாப் படையெடுப்பு என்கிறது. கியூபாவில் அது ஹிரோன் கடற்கரை வெற்றி. பாருங்கள், மறுபடியும் பெயர்.

தோல்விக்குப் பிறகும் அது ஓயவில்லை. காஸ்ட்ரோ ஆட்சியைக் கவிழ்க்க ஒரு ரகசியத் திட்டம் 1961 இறுதியில் தொடங்கியது. 1962-இல் அமெரிக்கக் கடற்படை கரீபியத் தீவு ஒன்றில் ஒரு போர்ப் பயிற்சிக்குத் திட்டமிட்டது. கற்பனை நாட்டில் இறங்கி 'ஓர்ட்சாக்' என்ற கற்பனைச் சர்வாதிகாரியை வீழ்த்துவதுதான் பயிற்சி. காஸ்ட்ரோ என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பின்னாலிருந்து படித்தால் ஓர்ட்சாக் வரும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதைத் தாங்களே கண்டுபிடித்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் கேளுங்கள்: "நீங்கள் ஹவானாவில் இருந்தால் இதைப் படித்துச் சிரிப்பீர்களா?"

இந்தப் பின்னணியோடு பார்த்தால், ஏவுகணைகளுக்கு இடம் கொடுத்த முடிவு பைத்தியக்காரத்தனமாகத் தெரியாது. சரியான முடிவா என்பது வேறு கேள்வி. அதற்கு நான் இல்லை என்றுதான் சொல்வேன், ஏனென்றால் அது கியூபாவைக் காப்பாற்றுவதற்குப் பதில் ஒரு வாரம் முழுவதும் உலகத்திலேயே ஆபத்தான இடமாக்கிவிட்டது. ஆனால் ஏன் அந்த முடிவை எடுத்தார்கள் என்பது புரியும். புரிவதும் ஏற்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை வகுப்பில் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும், சலிக்காமல் சொல்லுங்கள்.

நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் 22 இரவு கென்னடி தொலைக்காட்சியில் பேசினார். கியூபாவுக்குக் கப்பலில் ஆயுதம் போவதைத் தடுக்கப்போவதாக அறிவித்தார். சர்வதேசச் சட்டப்படி 'முற்றுகை' என்றால் போர்ச் செயல், ஆகவே அவர் பயன்படுத்திய சொல் 'குவாரன்டைன்'. கொரோனாவுக்குப் பிறகு நம் முதல் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். 26-ஆம் தேதி குருச்சேவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, படையெடுக்க மாட்டோம் என்று உறுதி கொடுத்தால் ஏவுகணைகளை எடுத்துக்கொள்கிறோம் என்ற பொருளில். மறுநாள் இன்னொன்று வந்தது, துருக்கி ஏவுகணைகளையும் எடுக்க வேண்டும் என்று. அதே 27-ஆம் தேதி கியூபாவின் மேல் ஓர் அமெரிக்க உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு விமானி இறந்தார். மாஸ்கோவின் அனுமதி கேட்காமல் அங்கிருந்த சோவியத் அதிகாரிகளே கொடுத்த உத்தரவு அது. வாஷிங்டனில் தளபதிகள் தாக்குவோம் என்கிறார்கள்.

அந்த அறையில் தாம்சன் என்று ஒருவர் இருந்தார். மாஸ்கோவில் ஐந்தாண்டுகள் அமெரிக்கத் தூதராக இருந்துவிட்டு அந்த ஆண்டுதான் திரும்பியிருந்தார். குருச்சேவோடு நெருங்கிப் பழகியவர். பேச்சுவார்த்தையால் ஏவுகணைகளை எடுக்கவைக்க முடியாது என்று கென்னடி சோர்ந்தபோது, குடியரசுத் தலைவரையே மறுத்து, முடியும் என்றார். நான் கியூபாவைக் காப்பாற்றினேன், படையெடுப்பைத் தடுத்தேன் என்று தம் மக்களிடம் சொல்லிக்கொள்ள ஒரு வழி கிடைத்தால் குருச்சேவுக்குப் போதும் என்பது அவர் கருத்து. அதாவது எதிராளி வீட்டுக்குப் போய் என்ன சொல்வான் என்று யோசித்தவர் அவர். அன்று பாதுகாப்பு அமைச்சராக இருந்த மெக்னமாரா, நாற்பது ஆண்டு கழித்து ஓர் ஆவணப்படத்தில் தம் வாழ்க்கையின் படிப்பினைகளைச் சொல்லும்போது எதிரியின் நிலையில் நின்று பாருங்கள் என்பதைத்தான் முதலில் வைத்தார், அதற்கு எடுத்துக்காட்டாகத் தாம்சனைத்தான் சொன்னார். கவனியுங்கள், தாம்சன் சோவியத்தின் நண்பர் அல்லர். அமெரிக்காவின் நலனுக்காக வேலை பார்த்தவர். எதிராளியின் பார்வையை அறிந்திருந்ததால் அவர் நாட்டுப்பற்றில் ஒரு குண்டுமணி அளவும் குறையவில்லை.

அன்று இரவு கென்னடியின் தம்பி ராபர்ட், சோவியத் தூதர் டோப்ரினினைச் சந்தித்து, துருக்கி ஏவுகணைகள் சில மாதங்களில் எடுக்கப்படும், ஆனால் இது வெளியே தெரியக்கூடாது என்றார். 28-ஆம் தேதி குருச்சேவ் ஏற்றுக்கொண்டார். துருக்கியில் இருந்தவை 1963 ஏப்ரலுக்குள் போய்விட்டன. ரகசியம் பல ஆண்டுகள் காக்கப்பட்டது. அமெரிக்கா அசையாமல் நின்றது, சோவியத் பின்வாங்கியது என்ற கதையே ஒரு தலைமுறைக்குப் பாடமாயிற்று. அந்தக் கதையை நம்பி வளர்ந்தவர்கள் அடுத்து வந்த போர்களில் எப்படி முடிவெடுத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

காஸ்ட்ரோ என்ன ஆனார்? அவருடைய மண்ணைப் பற்றிய ஒப்பந்தத்தை அவர் வானொலிச் செய்தியாகத்தான் அறிந்தார். கொதித்துப்போனார். தடையை நீக்கு, நாசவேலையை நிறுத்து, குவாந்தனாமோவைத் திருப்பிக் கொடு என்று ஐந்து கோரிக்கைகள் வைத்தார். ஐக்கிய நாடுகள் அவையின் ஆய்வாளர்களை உள்ளே விட மறுத்தார். அவரைச் சமாதானப்படுத்த நவம்பர் தொடக்கத்தில் மிக்கோயான் என்ற மூத்த சோவியத் தலைவர் ஹவானாவுக்குப் போனார். போன இடத்தில் அவர் மனைவி மாஸ்கோவில் இறந்த செய்தி வந்தது. இறுதிச் சடங்குக்கும் போகாமல் அங்கேயே இருந்து பேசினார். எதிரியோடு உடன்பாடு இரண்டு வாரத்தில் வந்துவிட்டது, நண்பனைச் சமாதானப்படுத்த அதைவிட அதிகக் காலம் பிடித்தது!

இதில் நம் இனத்தவர் ஒருவர் இருக்கிறார், அதாவது ஆசிரியர் இனத்தவர். அப்போது ஐக்கிய நாடுகள் அவையின் தற்காலிகப் பொதுச் செயலாளராக இருந்தவர் பர்மாவின் ஊ தாண்ட். பாண்டனாவ் என்ற ஊரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். அக்டோபர் 24 அன்று இரு தரப்புக்கும் கடிதம் எழுதி நிதானிக்கச் சொன்னார், மாத இறுதியில் தாமே ஹவானாவுக்குப் போனார். இரு பக்கமும் கை ஓங்கி நிற்கும்போது, யாரும் தோற்றதாகத் தெரியாமல் பின்வாங்க இடம் பண்ணிக் கொடுப்பது அவர் வேலை. இடைவேளை மணி அடித்ததும் நாம் செய்கிற வேலைதானே அது!

இன்னும் ஒரு தகவல். 1992-இல் ஹவானாவில் பழைய எதிரிகள் கூடி இந்த நெருக்கடியைப் பற்றிப் பேசினார்கள். காஸ்ட்ரோவும் இருந்தார், மெக்னமாராவும் இருந்தார். நெருக்கடியின்போது கியூபாவில் 10,000 பேர் அளவில்தான் சோவியத் படை இருக்கும் என்று அமெரிக்கா கணக்கிட்டிருந்தது. இருந்தவர்கள் 40,000-க்கும் மேல். அதோடு, இறங்கும் படையைத் தாக்குவதற்கென்றே சிறிய அணு ஆயுதங்களும் தீவில் இருந்தன என்பது அங்கேதான் மெக்னமாராவுக்குத் தெரியவந்தது. படையெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் முப்பது ஆண்டு கழித்துத்தான் புரிந்துகொண்டார். எதிராளியின் பக்கம் நின்று பார்ப்பது ஏதோ நற்குணம், இரக்கம் என்று மட்டும் மாணவர்களுக்குச் சொல்லாதீர்கள். உயிர் பிழைக்க வேண்டிய விஷயம் அது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 1962 அக்டோபர் என்றால் நம் ஊர்ப் பெரியவர்களுக்குக் கியூபா நினைவுக்கு வராது. அக்டோபர் 20 அன்று சீனப் படை நம் எல்லையைத் தாக்கியது. பெண்கள் வளையலைக் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்த காலம். அந்த வாரங்களில் இந்தியா உதவி கேட்டபோது வாஷிங்டனின் கவனம் கியூபாவில் இருந்தது. மாஸ்கோவும் சீனாவின் ஆதரவு தனக்கு வேண்டும் என்று நம் பக்கம் நிற்கத் தயங்கியது. நமக்கு அது உயிர்ப் பிரச்சினை. அவர்களுக்கு நாம் இரண்டாவது பக்கச் செய்தி.

அந்தப் போருக்குச் சீனா வைத்திருக்கும் பெயர் 'தற்காப்பு எதிர்த் தாக்குதல்'. இதை நான் ஒரு வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்தான். அவன் அண்ணன் படையில் இருக்கிறான். "அப்போ நம்ம மேலதான் தப்பா சார்?" என்றான். முகம் சிவந்திருந்தது. இந்தத் தலைப்பில் பாடம் நடத்தினால் இந்தக் கேள்வி வந்தே தீரும், வர வேண்டும். நான் சொன்ன பதில் இதுதான்: "தப்பு என்று சொல்லவில்லை தம்பி. 1954-இல் பஞ்சசீல உடன்பாடு செய்துகொண்ட நாடு படையோடு வந்தது, அது நமக்கு நடந்தது. அதில் மாற்றம் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் இருப்பவன் தன் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறான் என்று உன் அண்ணனுக்குத் தெரிந்திருந்தால் நல்லதா, தெரியாமல் இருந்தால் நல்லதா?" கொஞ்சம் யோசித்தான். தெரிந்திருந்தால்தான் நல்லது என்றான். பிறகு அக்சாய் சின் வழியாக அவர்கள் சாலை போட்டது, திபெத், 1959-இல் தலாய் லாமா இங்கே வந்தது, அதற்குப் பின் இரு தரப்பும் எல்லையில் காவல் நிலைகளை முன்னே நகர்த்தியது என்று வரைபடத்தை வைத்துப் பேச முடிந்தது. அவன்தான் அன்று அதிகக் கேள்வி கேட்டான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பார்வைகள் பல என்பதால் உண்மைகளும் பல என்று மாணவர்கள் நினைத்துவிடக்கூடாது. குரோமிகோ சொன்னது பொய், அது எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் பொய்தான். துருக்கியில் ஏவுகணை 15, அது மாஸ்கோவிலிருந்து எண்ணினாலும் 15. தேதியும் எண்ணிக்கையும் எல்லாருக்கும் பொது. அவற்றுக்கு என்ன பொருள், எதிலிருந்து கதையைத் தொடங்குவது என்பதில்தான் பார்வை வேறுபடுகிறது. இந்தக் கோட்டை அழித்துவிட்டால் வகுப்பு வெறும் பட்டிமன்றமாகிவிடும். இன்னொன்று, 'அவர்கள் இப்படி நினைத்திருப்பார்கள்' என்று ஊகித்து எழுதச் சொல்லாதீர்கள். அவர்களுடைய உரை, கடிதம், வரைபடம் என்று ஏதாவது ஒரு துண்டுச் சான்று கையில் இருக்க வேண்டும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களே, உங்களிடம் வருகிறேன். உங்களுக்கு ஏவுகணை வேண்டாம், வடை போதும். பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்ளுங்கள். காக்கா திருடியது, நரி ஏமாற்றியது, கதை முடிந்தது. பாட்டி முதல் வரியில் வருகிறாள், அப்புறம் காணோம். யாரும் அவளிடம் ஒன்றும் கேட்பதில்லை. அதே கதையைப் பாட்டி சொன்னால் எப்படி இருக்கும், காக்கா தன் குஞ்சுகளிடம் சொன்னால் எப்படி இருக்கும் என்று மூன்றாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஒரு பள்ளியில் ஒரு குழந்தை சொன்னதாம்: "பாட்டி கதையில நரியே வராது டீச்சர், பாட்டிக்கு நரியத் தெரியாது." எவ்வளவு கூர்மை பாருங்கள். ஒருவருக்குத் தெரியாதது அவர் கதையில் வராது. இது புரிந்த குழந்தை பத்தாம் வகுப்புக்கு வரும்போது, கதையில் யார் காணாமல் போனார்கள் என்று தானே கேட்கும்.

நம் கதையில் காணாமல் போனது துருக்கி. என் வகுப்பில் நான்கு குழு பிரிப்பேன்: வாஷிங்டன், மாஸ்கோ, ஹவானா, துருக்கியின் தலைநகர் அங்காரா. ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அட்டை. அக்டோபர் 27 காலையில் அந்த அரசுக்கு என்ன தெரியுமோ அது மட்டும் அட்டையில் இருக்கும். தெரியாதது இருக்காது. குழு கூடி, மற்ற மூன்று அரசுகளில் ஒன்றுக்கு ஆறு வரியில் கடிதம் எழுத வேண்டும். பிறகு நாற்காலி மாறி, வந்த கடிதத்தைப் பெற்றவர்களாக உட்கார்ந்து பதில் எழுத வேண்டும். முதல் சுற்றில் வீரவசனம் பறக்கும், குறிப்பாக வாஷிங்டன் குழுவில். இரண்டாவது சுற்றில் தாங்கள் எழுதிய வீரவசனத்தையே தாங்கள் படிக்க வேண்டிவரும். அப்போது அறையில் ஒரு மௌனம் வரும். அங்காரா குழுவுக்கு மட்டும் கடிதமே வராது. ஒரு முறை ஒரு மாணவி வந்து, "சார், எங்களை யாரும் எதுவும் கேக்கவே இல்லையே" என்றாள். "இல்லம்மா, கேட்கவில்லை" என்றேன்.

இதற்கு இரண்டு பாடவேளை ஆகும். பாடத்திட்டம் முடிக்க வேண்டும், திருப்புதல் தேர்வு வருகிறது, எல்லாம் எனக்கும் தெரியும். ஒரே பாடவேளைதான் என்றால் தாளை மூன்றாக மடியுங்கள். இதைப் பாலஸ்தீனக் கல்வியாளர் சாமி அத்வானும் இஸ்ரேலிய உளவியலாளர் டான் பார்-ஓனும் இரு பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களையும் உட்காரவைத்து உருவாக்கிய பாடநூலிலிருந்து எடுத்தேன். பக்கத்தின் ஒரு புறம் இஸ்ரேலியர் சொல்லும் வரலாறு, மறுபுறம் பாலஸ்தீனர் சொல்லும் வரலாறு. 1948 ஒரு பக்கத்தில் விடுதலைப் போர், மறு பக்கத்தில் பேரழிவு. நடுவில் வெற்றிடம், மாணவர் எழுதிக்கொள்வதற்கு. அந்த மண்ணில் அந்த நூலை வகுப்புக்குக் கொண்டுபோவது எளிதாக இருக்கவில்லை. ஆனாலும் ஆசிரியர்கள் உட்கார்ந்து எழுதினார்கள். நமக்குச் சிரமம் அவ்வளவு இல்லை, ஒரு தாளை மடிக்க வேண்டும், அவ்வளவே. ஆசிரியர்தான் தொடங்க வேண்டும் என்றும் இல்லை. 2003-இல் பெர்லினில் கூடிய பிரெஞ்சு, ஜெர்மானிய மாணவர்கள்தான் இரு நாட்டுக்கும் பொதுவான வரலாற்று நூல் வேண்டும் என்று கேட்டார்கள், 2006-இல் முதல் தொகுதி வந்தது. 70 ஆண்டுக்குள் மூன்று முறை போரிட்ட நாடுகள் அவை.

கடைசியாக ஒன்று. நெருக்கடிக்கு எட்டு மாதம் கழித்து, 1963 ஜூன் 10 அன்று கென்னடி ஒரு பல்கலைக்கழக விழாவில் பேசினார். சோவியத்தைப் பற்றிய நம் மனப்பான்மையை நாமும் மறுபடி பார்க்க வேண்டும் என்று தம் மக்களிடம் கேட்டார். போரில் அவர்கள் 2 கோடிப் பேரை இழந்ததை எடுத்துச் சொன்னார். அந்த உரையைச் சோவியத் நாளிதழ்கள் முழுதாக வெளியிட்டன. அதே மாதம் இரு தலைநகர்களுக்கும் இடையே நேரடித் தொடர்புக்கு உடன்பாடு, ஆகஸ்டில் அணு ஆயுதச் சோதனைகளைக் கட்டுப்படுத்தும் உடன்பாடு. மேல்நிலை வகுப்புகளில் அந்த உரையை மொழிபெயர்த்துப் படிக்கவைக்கலாம், அதோடு அதே ஆண்டு காஸ்ட்ரோவுக்கு எதிரான ரகசிய வேலைகள் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். இரண்டும் ஒரே அரசு செய்ததுதான்.

தேநீருக்குப் பிறகு அந்த நான்கு அட்டைகளை உங்கள் மேசைகளுக்கே அனுப்பப்போகிறேன். நீங்களே ஒரு சுற்று விளையாடிப் பார்த்தால்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் அங்காராவில் உட்காருங்கள். எழுதிய அட்டைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள், வகுப்புக்கு உதவும்.